மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறதா? பகை வளராமல் தீர்த்துக்கொள்ளும் வழிமுறை

அடுக்குமாடிக் குடியிருப்பில் முதன்முறையாகக் குடியேறுபவர்களுக்கு, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தங்கள் சீலிங்கில் நீர் கசியத் தொடங்கும்போது எதை முதலில் செய்வது, யாரிடம் பேசுவது, எந்த ஆவணத்தை எடுத்து வைப்பது என்று சொல்லித்தர எவரும் இருப்பதில்லை. சென்னையில் எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த கோடை வரை நீண்டது. கொத்தனார் வேலை சில நாள்களிலேயே முடிந்துவிட்டது. அந்த வேலை தொடங்குவதற்கு முன் நடந்த பேச்சுகளும் மறுப்புகளும் காத்திருப்புகளும்தான் அத்தனை மாதங்களை விழுங்கின. உங்களுக்கு அந்தக் காலவிரயம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்தாரோடு எழும் சிக்கல்களைத் தீர்த்துக்கொள்வது பயிற்சியால் கைவரும் திறன். சிக்கலைத் தெளிவாக வரையறுத்தல், தீர்வுக்கான வழிகளைத் திரட்டுதல், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல், செய்து பார்த்துச் சோதித்தல் என உளவியலாளர்கள் பிரித்துச் சொல்லும் அதே படிகளைத்தான் இங்கே நீர்க்கசிவுக்குப் பொருத்தியிருக்கிறேன். வாகன நிறுத்துமிடத் தகராறு, இரவு நேரச் சத்தம், குப்பை வைக்கும் இடம் முதலியவற்றுக்கும் இந்த வரிசை பொருந்தும். ஆனால் இவற்றில் நீர்க்கசிவுதான் கடினமானது. துன்பப்படுபவர் ஒருவர், செலவு செய்ய வேண்டியவர் இன்னொருவர் என்பதோடு, செலவு செய்ய வேண்டியவரின் கண்ணுக்கு அந்தச் சேதம் தெரிவதே இல்லை.

1. முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

ஈரம் பரவிய இடத்தில் விளக்கோ, மின்விசிறியோ, எக்ஸாஸ்ட் ஃபேனோ இருந்தால், அந்த இணைப்புக்குரிய எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஜிப்சம் பலகை நீரை உறிஞ்சிக் கனத்து, எதிர்பாராத நேரத்தில் விழக்கூடும். காரை பெயர்ந்து தொங்கினால் அதன் அடியில் யாரும் நிற்க வேண்டாம். யாரிடம் பேசுவது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான்.

2. சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மேல்வீட்டுக்காரர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்" என்பது சிக்கல் அல்ல. அது உங்கள் முடிவு. "எங்கள் பொதுக் குளியலறைச் சீலிங்கின் வடகிழக்கு மூலையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, ஏறத்தாழ இரண்டடி அகலத்துக்கு ஈரம், காலை எட்டு மணிக்கு மேல் சொட்டுகிறது, இரவில் நின்றுவிடுகிறது" என்பதுதான் சிக்கல். இப்படி எழுதும்போது கோபம் பாதி இறங்கிவிடும் என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், அந்த வாக்கியத்திலேயே விடைக்கான தடயம் கிடைத்துவிடுவது.

ஒரு வாரத்துக்குச் சிறு குறிப்பேடு வையுங்கள். ஈரம் எந்த நேரத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது, மழை பெய்ததா, மேல்வீட்டார் ஊரில் இருந்தார்களா என்பதை எழுதுங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் குறியுங்கள். அடுத்த வாரம் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் அதை எவரும் மறுக்க முடியாது. புகைப்படங்களை ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் நின்று எடுங்கள். அவற்றைக் கைபேசியில் தனி ஆல்பமாகப் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் தரம் குறைவதோடு, எடுத்த நேரம் முதலிய விவரங்களும் பெரும்பாலும் போய்விடும் என்பதால் மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

3. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் தெரியாமல் பேசப் போகிறவர் பழி சுமத்துபவராகவே தோன்றுவார். காரணத்தைத் தேடிக்கொண்டு போகிறவரை உதவி கேட்டு வந்தவராகப் பார்ப்பார்கள்.

இரவும் பகலும் ஒரே அளவில் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நன்னீர்க் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். மேல்வீட்டில் குளித்த பிறகோ துவைத்த பிறகோ மட்டும் வந்தால் கழிவுநீர்க் குழாயையோ, தரையில் நீர் வடியும் துளையின் விளிம்பையோ, டைல்ஸ் இடுக்குகளையோ சந்தேகிக்கலாம். மழை பெய்த பிறகு மட்டும் வந்தால் வெளிச்சுவரிலோ, நீங்கள் கடைசி மாடியில் இருந்தால் மொட்டை மாடியிலோ விரிசல் இருக்கலாம். ஏசியின் நீர் வடியும் குழாய் சுவருக்குள் பிரிந்துபோய், குளியலறைக் கசிவு போலவே தோற்றமளிப்பதும் உண்டு.

உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று சோதனைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மேல்வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும். முதலாவது, இரவு படுக்கும் முன் மேல்வீட்டுக் குளியலறைக்கு நீர் வரும் வால்வை அடைத்துவிட்டு, விடியும் வரை கீழே கவனிப்பது. அதுவரை இரவிலும் சொட்டிக்கொண்டிருந்தது அன்று நின்றால் நன்னீர்க் குழாய்தான் காரணம் எனப் பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாவது, ஒரு வாளி நீரில் கேசரிப் பவுடரைக் கரைத்துத் தரைத் துளையில் ஊற்றிவிட்டுக் கீழே குழாய் மூட்டுகளைப் பார்ப்பது. மூட்டில் நிறம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. தெரியாவிட்டால் கசிவு இல்லை என்று பொருளாகாது, ஏனெனில் கான்கிரீட் தளத்தின் வழியாக ஊறி வரும்போது நிறம் வடிந்துவிடலாம். மூன்றாவது, துளையைத் துணியாலும் களிமண்ணாலும் அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கி, சுவரில் மட்டத்தைக் குறித்து, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்ப்பது. மட்டம் வெகுவாக இறங்கி, கீழே ஈரம் கூடினால் தரையின் வாட்டர்புரூஃபிங் போய்விட்டது என்று அறியலாம்.

இதற்குச் செலவு என்று பார்த்தால், பிளம்பர் வந்து பார்க்கும் கூலியான சில நூறு ரூபாய்தான். அதை நீங்களே கொடுத்துவிடுங்கள். அந்தச் சிறு தொகைக்காகப் பேரம் பேசினால் பின்னால் வரும் பெருந்தொகைப் பேச்சு தொடக்கத்திலேயே கெட்டுவிடும்.

4. உரியவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேல்வீட்டில் குடியிருப்பவர் வாடகைதாரராக இருந்தால், அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது சோதனைக்கான அனுமதியும் உரிமையாளரின் தொடர்பு எண்ணும் மட்டுமே. செலவைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் பேச வேண்டாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே அவர் சார்பில் முடிவெடுக்கக் கூடியவர் யார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களே வாடகைதாரர் என்றால், உங்கள் வீட்டு உரிமையாளருக்கு முதல் நாளே செய்தி அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது சீலிங் சேதத்துக்காக உங்கள் அட்வான்ஸில் கைவைக்காமல் இருக்க அந்தச் செய்தி உதவும்.

வீட்டுக்குள் இருக்கும் குழாய்களுக்கு அந்த வீட்டு உரிமையாளரும், எல்லா மாடிகளுக்கும் பொதுவாக இறங்கும் குழாய்க்கும் மொட்டை மாடிக்கும் குடியிருப்போர் சங்கமும் பொறுப்பேற்பது பொதுவான நடைமுறை. ஆனால் உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதன்மையானது. செயலாளரிடம் துணைவிதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, பழுதுபார்ப்பு பற்றிய பகுதியைப் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

கட்டடம் புதியது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பலரும் தவறவிடுவது இதைத்தான். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிய வந்து, அதைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். அப்போது நீங்களும் மேல்வீட்டாரும் ஒரே பக்கம் நிற்பவர்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கட்டுநருக்குக் கடிதம் அனுப்புங்கள். ஒப்படைப்புக் கடிதம், விற்பனை ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். 5 ஆண்டு முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து, இந்தக் கடிதத்தை முதலில் அனுப்புங்கள்.

5. முதல் பேச்சு

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடாதீர்கள். இதைவிட விரைவாகப் பகையை உண்டாக்கும் செயல் வேறில்லை. நாற்பது வீட்டார் பார்க்கும் இடத்தில் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டால், அதன்பிறகு அவர் தன் குளியலறையைக் காப்பதை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காக்கத் தொடங்கிவிடுவார்.

நேரில் போங்கள். காலை அலுவலக நேரமும் இரவுச் சாப்பாட்டு நேரமும் வேண்டாம், "எப்போ வந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. முதல் பேச்சின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: அவர் கீழே இறங்கி வந்து சேதத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் மேல்வீட்டில் இருந்த மூத்த அம்மையாரிடம் என் மனைவி பேசிய விதத்தை அப்படியே தருகிறேன்:

"அம்மா, எங்க பாத்ரூம் சீலிங்ல ஒரு பக்கமா ஈரம் வந்துட்டே இருக்கு. எங்கேர்ந்து வருதுன்னு எங்களுக்குப் புரியல. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் கீழே வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

இதில் "உங்க வீட்டுலேர்ந்து" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழே வந்து, பெயர்ந்து தொங்கிய காரையையும் அதனடியில் வைத்திருந்த வாளியையும் பார்த்த பிறகு, "எங்க வீட்டுத் தண்ணிதானோ?" என்று அந்த அம்மையாரே கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கும் நாம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. "எங்க வீட்டுல எந்தக் கசிவும் இல்லையே" என்று மறுத்தால் வாதாட வேண்டாம், "இருக்கலாம் சார், ஒரு நாள் ராத்திரி மட்டும் வால்வை மூடிப் பாத்துடலாமா?" என்று சோதனைக்கு அழையுங்கள். "பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நாளைக் குறித்துக் கேளுங்கள்: "இந்த ஞாயித்துக்கிழமை பிளம்பரை வரச்சொல்லட்டுமா?" கோபப்பட்டுக் கத்தினால், "இன்னொரு நாள் பேசலாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள், கத்துபவரிடம் அன்றே பதில் வாங்க முயல்வதால் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் வீட்டில் முடியாதவர்கள் இருக்கிறார்களா, பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கிறதா, பணமுடை இருக்கிறதா என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பாகத் தெரிவது பல நேரங்களில் வேறொரு கவலையாக இருக்கும், அந்தக் கவலைக்கு வழி சொன்னால் மறுப்பு தானாகவே தளரும்.

பேசி முடித்த அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று நேரில் வந்து பார்த்ததற்கு நன்றி. ஞாயிறு காலை பிளம்பர் வருவதாகப் பேசிக்கொண்டோம்." மரியாதையான இந்த ஒரு செய்தி, பின்னால் தேவைப்பட்டால் ஆவணமாகவும் நிற்கும்.

6. வழிகளை எல்லாம் எழுதிவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள்

காரணம் தெரிந்ததும் முதலில் தோன்றும் தீர்வையே பிடித்துக்கொள்வது மனித இயல்பு. கீழ்வீட்டார் "முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போடுங்கள்" என்பார். மேல்வீட்டார் "கீழேயிருந்து ஏதாவது பூசிக்கொள்ளுங்கள்" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வழிகள் உள்ளன. குழாய் மூட்டை மட்டும் மாற்றுவது, தரைத் துளையின் விளிம்பைப் பெயர்த்து மீண்டும் அடைப்பது, டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் எனும் நீர்புகாக் கலவையை நிரப்புவது, மறைகுழாயைக் கைவிட்டுச் சுவருக்கு வெளியே புதுக்குழாய் ஓட்டுவது, இறுதியாகத் தரையை முழுவதும் பெயர்த்து வாட்டர்புரூஃபிங் செய்வது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு, குளியலறையைப் பயன்படுத்த முடியாத நாள்கள், எவ்வளவு காலம் தாங்கும் ஆகிய மூன்றையும் குறியுங்கள்.

இடுக்குகளை அடைப்பது சில ஆயிரங்களில் முடியும், ஓரிரு நாளில் குளியலறை திரும்பக் கிடைத்துவிடும். முழுத்தரையையும் பெயர்த்தால் டைல்ஸ், கூலி, இடிபாடு அகற்றும் செலவு எல்லாம் சேர்ந்து பெருந்தொகையாகிவிடும். நீர் தேக்கிச் சோதிக்கும் நாள்களையும் சேர்த்து இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும். ஆகவே குறைந்த செலவுள்ள வழியில் தொடங்கி, அது பலிக்காவிட்டால் அடுத்ததற்குப் போவதாக முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் ஏற்கத்தக்கதாக இருக்கும். கீழேயிருந்து மட்டும் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர் தளத்துக்குள்ளேயே தங்கி வேறு இடத்தில் தலைகாட்டும். கம்பிகள் துருப்பிடித்தால் பாதிப்பு இரு வீட்டுக்கும்தான்.

குறைந்தது இருவரிடம் எழுத்துமூல மதிப்பீடு வாங்குங்கள். அதில் பொருளின் பெயர், பரப்பளவு, உத்தரவாதக் காலம், இடிபாட்டை அகற்றுவது யார் பொறுப்பு என்பவை இடம்பெற வேண்டும். "மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் எழுதித் தருபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

7. பேசி முடித்ததைத் தாளில் எழுதுங்கள்

அண்டை வீட்டாரிடம் கையெழுத்துக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். "ரெண்டு பேருக்கும் மறந்துடக்கூடாதுன்னுதான்" என்று சொல்லி, இரு பிரதிகளாக எழுதி, செயலாளரைச் சாட்சியாக வைத்துக்கொண்டால் கூச்சம் குறையும். செய்யப்போகும் வேலை, தொடங்கும் நாள், முடியும் நாள், மேல்வீட்டுப் பணிக்குச் செலவு செய்பவர், கீழ்வீட்டுக் காரைக்கும் பெயின்டுக்கும் செலவு செய்பவர், வேலை பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பவை போதும். பெரும்பாலானோர் சாதாரணத் தாளிலேயே முடித்துக்கொள்கிறார்கள்; தொகை பெரிது என்றால் வழக்கறிஞரைக் கலந்து முத்திரைத்தாளில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. கீழ்வீட்டுச் சேதத்துக்கான தொகையைப் பற்றிய வாதம் நீண்டு, அதனாலேயே மேல்வீட்டுப் பழுது தொடங்காமல் நிற்கும். கசிவை நிறுத்துவதையும் சேதத்துக்கு ஈடு கேட்பதையும் தனித்தனியாகப் பிரித்து, முதலாவதை உடனே தொடங்கிவிடுங்கள். என் கருத்தில், பெயின்டுச் செலவை விட்டுக்கொடுத்தால் கசிவு இந்த மாதமே நிற்கும் என்றால், விட்டுக்கொடுப்பதே மேல்.

8. ஒத்துவரவே இல்லை என்றால்

நேரில் பேசியும் இரண்டு வாரத்துக்கு மேல் அசைவில்லை என்றால், சங்கத்துக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். கூட்டு ஆய்வு ஒன்றை நடத்தித் தரும்படி மட்டும் அதில் கேளுங்கள்; தண்டிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால், நாள் குறித்து, புகைப்பட நகல்களையும் பிளம்பரின் அறிக்கையையும் இணைத்து, சேர்ப்பித்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்புங்கள். பதிலளிக்க 15 நாள் கொடுப்பது வழக்கம். தபால் ரசீதையும் அந்தச் சான்றையும் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

அதற்கடுத்த படி, நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது வட்ட சட்டப் பணிகள் குழு. வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம்; நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்புக்கு அழைப்பு அனுப்பி இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். உடன்பாடு எட்டினால் அந்தத் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; அதை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. ஆனால் இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு, யாரையும் அங்கே வற்புறுத்த முடியாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வீடு மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ இருந்தால் அவர் பெயரிலேயே மனுக் கொடுங்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைத்து வழிகாட்டுதல் கேட்கலாம். அடையாள அட்டை, வீட்டின் பத்திர நகல் அல்லது வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள், குறிப்பேடு, அனுப்பிய கடிதம், மதிப்பீடுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது கடைசி வழி. பழுதைச் சரிசெய்ய ஆணையிடக் கோரலாம். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் செய்யும்படியும் கேட்கலாம். ஆனால் அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளக்கூடியது, வழக்கறிஞர் கட்டணமும் தனி. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதைப் பற்றிப் பலர் யோசனை சொல்வார்கள். மிரட்டலோ அடிதடியோ நடந்தால் ஒழிய, கசிவு காவல்துறை தலையிடும் விவகாரம் அல்ல. அங்கே போனால் கசிவு நிற்காது, பேச்சுவார்த்தைதான் நின்றுபோகும்.

9. வேலை முடிந்த பிறகு

கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், நீர் தேக்கும் சோதனையை மீண்டும் செய்யும்படி மேல்வீட்டாரிடம் கேளுங்கள். டைல்ஸ் பதிப்பதற்கு முன் ஒருமுறையும் பதித்த பின் ஒருமுறையும் செய்வது நல்லது. கீழே, பழைய பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் புதிய தேதியிட்டு ஈரத்தின் விளிம்பைக் குறியுங்கள். கசிவு நின்ற மறுநாளே சீலிங் காய்ந்துவிடாது. தளம் குடித்த நீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் ஈரத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் நிக்கலையே" என்று மேல்வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். கோடு சுருங்கிக்கொண்டே போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

பெயர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பி துருப்பிடித்திருந்தால் அதைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே புதுக் காரை பூச வேண்டும். பட்டியும் பெயின்டும் முழுவதும் காய்ந்த பிறகுதான்; ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் போட்டு உரிந்துவிடும். இயன்றால் ஒரு மழைக்காலம் கடந்த பின் பெயின்ட் அடியுங்கள். ரசீதுகள், உத்தரவாதத் தாள், கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆகியவற்றின் ஒரு பிரதியை மேல்வீட்டாருக்கும் கொடுத்துவிடுங்கள். வீடு கைமாறினாலும் வாடகைதாரர் மாறினாலும், எந்த இடத்தில் என்ன வேலை நடந்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்.